முதல் பக்கத்தில் அக்கா கடை

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். "கம்ப்யூட்டர் வேலை" என்று அக்கா ஒரே மூச்சில் முடித்துக்கொள்வாள். அக்காவின் கணவருக்கு அது போதாது. "புதுசா வாஷிங் மெஷின் வாங்கினா உள்ள ஒரு சின்னப் புத்தகம் இருக்கும் பாருங்க, பிரிச்சே பாக்காம தூக்கிப் போடுவோமே? அதை எழுதுறது நம்ம எழுத்தாளரம்மாதான்" என்பார் மாமா. சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய அலுவலகம். சின்னச் சின்னக் கடைக்காரர்கள் தங்கள் பொருட்களைப் படம் பிடித்து ஏற்றி விற்கிற இணையச் சந்தை ஒன்றை அங்கே நடத்தினார்கள். அந்த வருடம் புதிதாக ஒரு ஏபிஐ செய்துகொண்டிருந்தார்கள். வெளியார் எழுதும் செயலி ஏதாவது வந்து, இந்தக் கடையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால், பெயர், விலை, நிறம், கையிருப்பு, படம் என்று அத்தனையையும் பக்கம் பக்கமாக எடுத்துக் கொடுக்கும் கருவி அது. எப்படிக் கேட்க வேண்டும், கேட்டால் என்ன வரும், தப்பாகக் கேட்டால் என்ன ஆகும் என்று வெளியூர் டெவலப்பர்களுக்கு வழிகாட்டி எழுதுவது அவள் பொறுப்பு.

கூட்டங்களில் அவள் வாய் திறப்பது அபூர்வம். திறந்தால் "இதுக்கு விளக்கம் வேணும்" என்பதோடு சரி. அதனால் அலுவலகத்தில் அவளுக்கு விளக்கம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

விளக்கத்திடம் ஒரு பிடிவாதம் உண்டு. தன் கையால் செய்து பார்க்காத ஒன்றை எழுதமாட்டாள். கருவியை எழுதிய தாடிக்கார டெவலப்பர், "நான்தான் சொல்றேனே, கடைசிப் பக்கம் வந்ததும் நின்னுடும்" என்று அடித்துச் சொன்னான். அவள் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைக் கேட்டுப் பார்த்தாள். கருவி கொஞ்சமும் வெட்கமில்லாமல் முதல் பக்கத்தைத் திரும்ப நீட்டியது. மறுபடி கேட்டாள். இரண்டாம் பக்கம் வந்தது. திரையைத் தாடியின் பக்கம் திருப்பிவைத்தாள்.

"அட, சுத்திச் சுத்தி வருது!" தாடி நாற்காலியோடு உருண்டு வந்தான். "விளக்கம், இதை யார் கிட்டயும் சொல்லிடாதே, அரை மணி நேரம் குடு."

"வழிகாட்டியில பத்தாம் பக்கத்துல எழுதலாம்னு இருந்தேன். 'விடாமல் கேட்டால் தலை சுற்றும்'னு."

"தாயே, போதும்!"

அவளுக்கு இதெல்லாம் வேலையாகவே தோன்றவில்லை. பூட்டிய பெட்டியை ஒவ்வொரு சாவியாகப் போட்டுத் திறந்து பார்ப்பது போல உள்ளுக்குள் குதியாட்டமாக இருந்தது.

அவள் யாருக்காக எழுதினாள் என்பதையும் சொல்ல வேண்டும். மனதுக்குள் அவள் ஒருவரை உட்காரவைத்திருந்தாள். ஒரு கையில் ரொட்டித் துண்டு, மறு கை விசைப்பலகையில், முதுகுக்குப் பின்னால் மேலதிகாரி. அவர் எதையும் முழுதாகப் படிக்கமாட்டார். முதல் பக்கத்தைத் திறப்பார், உதாரணத்தை அப்படியே காப்பி அடிப்பார், ஓட்டிப் பார்ப்பார். ஏதாவது வந்தால் முகம் மலரும். ஒன்றும் வராவிட்டால் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அவள் அவசரக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். அவசரக்காரரின் முகம் மலர வேண்டும். அதுதான் முதல் பக்கத்தின் வேலை.

அங்கேதான் சிக்கல் வந்தது. சோதனைக்கென்று தாடி ஒரு பொய்க்கடை வைத்திருந்தான். அதை அவன் அடிக்கடி துடைத்துவிடுவான். உதாரணம் ஒரு நாள் பதில் சொல்லும், மறுநாள் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் அடைப்புக்குறியை நீட்டும். எழுதி முடிக்கும் வரைக்குமாவது அவளுக்கு ஒரு நிஜக் கடை தேவைப்பட்டது. பொருள் குறைவாக இருக்க வேண்டும், எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்க வேண்டும், ஒரு பொருளுக்குப் படம் இருக்கக் கூடாது, ஒன்று கையிருப்பு தீர்ந்திருக்க வேண்டும். அப்படியொரு கடை அவளுக்குக் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது. அது அக்கா கடை. அதன் கடை எண்ணையே வழிகாட்டி முழுக்க உதாரணங்களில் போட்டு எழுதினாள்.

அக்கா பகலில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பவள். மற்ற நேரத்தில் வீட்டு முன்னறையில் சைக்கிள் சீட்டுக்கு உறை தைப்பாள். மழை நீர் இறங்காத துணியில், உட்கார்ந்தால் நழுவாத அடிப்பக்கத்தோடு. ஒரு நாள் மிச்சத் துணியில் விளையாட்டாக இரண்டு காது வைத்துத் தைத்தாள். மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று. சைக்கிளை நிறுத்திவிட்டுத் தள்ளிப்போய்ப் பார்த்தால் சீட்டில் பூனை உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அந்தக் கடையை இணையத்தில் ஏற்றிக் கொடுத்தவள் தங்கைதான். அதனால்தான் எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருந்தது.

"நீலக் காது வித்துப் போச்சுடி. இன்னொன்னு தைச்சுப் போடட்டுமா?" என்று அக்கா கேட்டபோது அவள் பதறினாள்.

"வேணாம்க்கா, கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். எனக்குத் தீர்ந்து போன பொருள் ஒண்ணு வேணும்."

"விக்கறதுக்கு இல்லாத பொருளா? உன் ஆபீஸ்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

வெளியீட்டுக்கு முன் எல்லா இடத்திலும் அக்கா கடையின் எண்ணை எடுத்துவிட்டுத் தாடியின் சோதனைக் கடையின் எண்ணைப் போடுவது என்று முடிவு செய்திருந்தாள். அப்படியே செய்தாள். பக்கம் பக்கமாகத் தேடித் தேடி மாற்றினாள். முதல் பக்கத்து உதாரணம் மட்டும் படமாக அழகுபடுத்தித் தனியே செருகப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் காப்பி அடிக்க ஒரு பொத்தான். தேடலில் அது அகப்படவில்லை. அவளும் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஆயிரம் முறை பார்த்த பக்கம்தானே.

வெளியீட்டு நாளன்று மாடி முழுக்கக் கைதட்டல். மேனேஜர் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். ஒரு மணி நேரத்திலேயே வெளியூரிலிருந்து கேட்பவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். தாடி திரையைப் பார்த்துக் கத்தினான்: "வராங்க, வராங்க! எல்லாரும் முதல் தடவையே சரியாக் கேக்கறாங்க! விளக்கம், உன் முதல் பக்கம் பட்டையைக் கிளப்புது!"

அவள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றாள். எங்கேயோ ஓர் அவசரக்காரரின் முகம் மலர்ந்திருக்கும்.

அடுத்த வாரம் வீட்டில் வேறொரு கொண்டாட்டம் தொடங்கியது.

"ஏய் சின்னவளே! இங்க வா, இங்க வா, இதைப் பாரு!" அக்கா போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். கடைக்காரர்களுக்கான பக்கத்தில் 'பார்வைகள்' என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை நாள் தவழ்ந்துகொண்டிருந்த எண் எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

"என்னக்கா இது!"

"என்ன இதுவா? உன் அக்காவோட கைவேலை! ஊர் உலகமே வந்து பாக்குதுடி!"

மாமா எட்டிப் பார்த்தார். "பாக்கறாங்க சரி. யாராச்சும் வாங்கினாங்களா?"

"முதல்ல பாப்பாங்க, அப்புறம்தான் வாங்குவாங்க. நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ உடனேவா சரின்னு சொன்னீங்க?"

"நான் உடனே சொன்னேன். எங்கம்மாதான் இழுத்தாங்க."

மூவரும் சிரித்தார்கள். தங்கைக்கும் தலைகால் புரியவில்லை. அக்காவின் படங்களை எடுத்தவள் அவள், விவரங்களை எழுதியவள் அவள். ஏபிஐ வழியாக யாரோ ஒரு பெரிய செயலிக்காரர் அக்கா கடையை முன்னால் வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படியென்றால் தன் கருவி தன் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறது! அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அக்காவுக்கோ நாளுக்கு நாள் வேகம் கூடியது. காலையில் பல் துலக்கும் முன் எண்ணைப் பார்ப்பாள். தொழிற்சாலைச் சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்து எண்ணைச் சொல்வாள். தெருமுனையில் காலியாகக் கிடந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெளிச்சம் நன்றாக வருகிறது, இரண்டு மெஷின் போடலாம், வாசலில் ஒரு சைக்கிளை நிறுத்திக் காது உறை மாட்டிவைத்தால் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து. சனிக்கிழமை தொழிற்சாலையில் ராஜினாமா. கடிதம்கூட எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டாள். தங்கைதான் பிழை திருத்திக் கொடுத்தாள்.

"போனா திரும்ப எடுக்கமாட்டாங்க" என்றார் மாமா, இந்த முறை சிரிக்காமல்.

"திரும்பப் போறவ யாரு?" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தின் உதவிப் பெட்டிக்கு வந்த கடிதங்களைத் தங்கை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத ஒரு டெவலப்பர் எழுதியிருந்தார்:

'உங்கள் வழிகாட்டியின் முதல் பக்கம் அருமை. சாப்பிட்டுக்கொண்டே வேலையை முடித்துவிட்டேன். ஒரு சின்னச் சந்தேகம், வேலை சம்பந்தப்பட்டதல்ல. உதாரணக் கடையில் காது வைத்த சைக்கிள் உறைகள் வருகின்றனவே, அவை நிஜமா? எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவற்றைத்தான் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்படியொரு பொருளை யாரும் செய்யமாட்டார்கள், எழுதியவரின் கற்பனை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கற்பனை என்றால், நல்ல கற்பனை.'

அவள் சிரித்துக்கொண்டே படித்தாள். படித்து முடித்ததும் சிரிப்பு அப்படியே நின்றது.

முதல் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பொத்தானை அமுக்கினாள். திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தாள். அக்கா கடையின் எண்.

அடுத்து அவள் விரல்கள் தாமாகவே பதினான்காம் பக்கத்துக்குப் போயின. அங்கே அவளே எழுதிய வாக்கியம் அசையாமல் உட்கார்ந்திருந்தது: 'ஒவ்வொரு முறை பட்டியல் எடுக்கப்படும்போதும் அது அந்தக் கடையின் பார்வைக் கணக்கில் சேரும்.' கேட்டு, சோதித்து, உறுதி செய்து எழுதிய வாக்கியம். எழுதியவளே படிக்காத வாக்கியம்.

ஊர் உலகம் வந்து பார்க்கவில்லை. அவசரக்காரர்கள் வந்து காப்பி அடித்திருக்கிறார்கள். சில பேர் தங்கள் சோதனையை நிறுத்தாமல் ஓடவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டமும் அக்காவின் போனில் ஒரு பார்வை.

அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மாமாவுக்குப் போட்டாள்.

"அவளா? அறையை அளந்துட்டிருக்கா. வீட்டுக்காரர் பேனாவைத் திறந்து வெச்சுட்டார்."

"மாமா, கையெழுத்துப் போட விடாதீங்க!"

"நான் சொல்லி அவ என்னிக்குக் கேட்டா? நீயே வந்து சொல்லு, சீக்கிரம்!"

தாடியிடம் "முதல் பக்கத்தை எடுத்துடு, இப்பவே, காரணம் அப்புறம் சொல்றேன்" என்றாள். அவள் குரல் உயர்ந்து அந்த மாடியில் யாரும் கேட்டதில்லை. தாடி கேள்வி கேட்காமல் பொத்தானை அமுக்கினான். அவள் படியிறங்கி ஓடினாள். பேருந்துக்குக் காத்திருக்க மனம் கொள்ளவில்லை. மருந்துக் கடை வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி, வழி முழுக்க வாக்கியங்களைக் கோத்தாள், பிரித்தாள். எப்படிச் சொன்னாலும் கடைசியில் ஒரே அர்த்தம்தான் வந்தது.

அறைக்குள் அக்கா அளவு நாடாவின் ஒரு முனையை மாமாவிடம் கொடுத்து மறு முனையைச் சுவரில் பிடித்துக்கொண்டிருந்தாள். அறையின் சொந்தக்காரர் ஒற்றை மேஜையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்.

"வந்துட்டியா! ரெண்டு மெஷின் போட்டும் இடம் மிச்சம்டி..."

"அக்கா, அந்த எண் நெஜம் இல்ல."

நாடா சுருட்டிக்கொண்டு மாமாவின் கையில் அடித்தது.

அவள் சொன்னாள். வழியில் கோத்த ஒரு வாக்கியமும் ஞாபகம் வரவில்லை. வழிகாட்டி, முதல் பக்கம், பொத்தான், தன் தப்பு என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்போ என் உறையை யாருமே பாக்கலையா?"

"பாத்தாங்கக்கா. ரொம்பப் பேர் பாத்தாங்க. ஆனா..." அவள் போனை எடுத்து அந்தக் கடிதத்தை நீட்டினாள்.

அக்கா படித்தாள். உதடு அசைய இரண்டாம் முறையும் படித்தாள். முகம் சிவந்தது.

"கற்பனையா? என் காதா? உள்ள பஞ்சு வெச்சு, நிமிந்து நிக்கணும்னு ஓரம் மடிச்சு, மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தைச்ச காது கற்பனையா?"

"அவங்களுக்குத் தெரியாதுல்லக்கா..."

"நீ பண்ணின கூத்தைக்கூட மன்னிச்சுடுவேன்டி. யாரும் செய்யமாட்டாங்களாம்ல! யார் இவன்? முதல்ல இவனுக்குப் பதில் எழுது. நெஜம்னு எழுது. கொட்டை எழுத்துல எழுது!"

மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதைப் பார்த்த தங்கைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா இருவரையும் முறைத்தாள். கடைசியில் அவளும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த நீரில் எது சிரிப்பு, எது ஏமாற்றம் என்று தங்கைக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்கா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கத்தான் செய்தது.

"அம்மா, கையெழுத்து?" என்றார் சொந்தக்காரர்.

அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். "இன்னிக்கு இல்லைங்க."

"நாளைக்கே வேற ஆள் வந்துடுவாங்க."

"வரட்டுங்க. இந்த ஜன்னலை மட்டும் அடைச்சுடாம பாத்துக்கச் சொல்லுங்க."

சனிக்கிழமை அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள். ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில் புதுக் காதின் அளவுகளைக் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழுந்தது, கொஞ்சம். பிறகு மேனேஜர் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"இது உங்க அக்காவுக்கு மட்டும் நடந்ததுன்னு என்ன நிச்சயம்? செயலி வந்து பாக்கறதையும் ஆள் வந்து பாக்கறதையும் ஒரே கட்டத்துல போட்டா எந்தக் கடைக்காரருக்கும் ஒண்ணும் புரியாதே."

"அதுக்குத்தான் வந்தேன். ரெண்டையும் பிரிக்கணும்" என்றாள். அவள் வாயிலிருந்து விளக்கம் கேட்காத வாக்கியம் வந்ததைப் பக்கத்தில் நின்ற தாடி வியப்போடு பார்த்தான். "சோதனைக் கடையையும் இனிமே யாரும் துடைக்கக் கூடாது."

"அதை ஏன் என்னைப் பாத்துச் சொல்றே?" என்றான் தாடி. ஆனால் அன்றே வேலையில் இறங்கிவிட்டான்.

பார்வைக் கட்டம் இரண்டானது. ஒன்றில் செயலிகள், மற்றொன்றில் மனிதர்கள். பிரித்துக் காட்டிய முதல் நாள் அவள் அலுவலகத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனைக் கொடுத்தாள். மனிதர்கள் கட்டத்தில் இருந்த எண் சின்னதுதான். அக்கா அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது நெஜமா?"

"நெஜம். ஒவ்வொண்ணும் ஒரு ஆள்."

"இத்தனை பேர் என் கடையைத் தேடி வந்தாங்களா?" அக்காவின் குரல் மாறியது. "போன மாசம் நம்ம சொந்தக்காரங்க மட்டும்தான் பாக்கறாங்கன்னு நெனச்சேன்டி!"

"நம்ம சொந்தத்துல அத்தனை பேருக்கு இன்டர்நெட் ஏது?" என்றார் மாமா.

சோதனைக் கடைக்கு அக்காவிடம் அனுமதி கேட்டு அவளுடைய உறைகளையே நகல் எடுத்து வைத்திருந்தாள் தங்கை. அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அதன்படி உதாரணத்துக்குக் கீழே இப்போது ஒரு குறிப்பு இருக்கிறது: 'இந்தக் கடை சோதனைக்காக வைக்கப்பட்டது. காது வைத்த உறை மட்டும் உண்மையானது.' அவசரக்காரர்கள் படிக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இருக்கட்டும்.

கடிதம் எழுதியவருக்கும் பதில் போனது. மறுபதில் உடனே வந்தது: 'நிஜமா! நண்பர்களிடம் பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். எனக்கு நீலக் காதுதான் வேண்டும். ஆனால் எப்போது பார்த்தாலும் கையிருப்பு இல்லை என்றே வருகிறது?'

அக்கா இடுப்பில் கை வைத்துத் தங்கையைப் பார்த்தாள். "நான் அன்னிக்கே தைக்கறேன்னு சொன்னேனா இல்லையா? தீர்ந்து போன பொருள் வேணுமாம், தீர்ந்து போன பொருள்!"

"தைச்சுடுக்கா, ப்ளீஸ். சீக்கிரம்!"

நீலத் துணியை விரித்தார்கள். தங்கை காதுக்குப் பஞ்சு பிரித்துக் கொடுத்தாள். மாமா வாசலில் தன் சைக்கிளைக் கழுவி நிறுத்தினார், படம் எடுக்க வேண்டுமாம். மெஷின் கடகடவென்று ஓடியது. கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அக்கா உறையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். காது இரண்டும் விறைத்து நின்றன.

"ஏத்துடி!"

அவள் கையிருப்பில் ஒன்று என்று போட்டாள். மடிக்கணினியைத் திறந்து, பழக்கதோஷத்தில், அக்கா கடையின் பட்டியலை ஒரு முறை கேட்டாள். செய்து பார்க்காமல் அவள் எதையும் நம்பமாட்டாள் அல்லவா. மஞ்சள் காது வந்தது. சாதா உறைகள் வந்தன. நீலக் காது வந்தது.

கையிருப்பு: இல்லை.

"என்னடி தப்பாப் போட்டுட்டியா?" அக்கா குனிந்தாள்.

அவள் மறுபடி ஓட்டினாள். அதே பதில். அப்போது மேஜையில் கிடந்த அக்காவின் போன் ஆர்டர் வந்தால் அடிக்கும் மணியை அடித்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அதன் மேல் பாய்ந்தார்கள்.